எந்தக் காதில் கேட்கிறது?

அந்த அம்மாவுக்கு இரவில் காலடிச் சத்தம் கேட்கும். அவர் இருந்தது மாடி இல்லாத வீடு. ஆனாலும் யாரோ படியேறி வருவது போலக் கேட்கும். மெதுவாக, ஒவ்வொரு படியாக. பதினோரு படி. பதினோராவது படியில் சத்தம் நின்றுவிடும். அதன்பிறகு விடியும்வரை அவர் கண்ணை மூடமாட்டார். சில இரவுகளில் கூடவே ஓர் ஆண் குரலும் வரும்: "வாயத் தொறந்தே, அவ்வளவுதான்."

அப்போது நான் மனநல வார்டில் உளவியலாளராகச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஹிஸ்டரி எடுப்பதில் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியிருந்தேன். அந்த அம்மாவிடமும் எல்லாம் கேட்டேன். சத்தம் எத்தனை மணிக்கு வருகிறது, வாரத்தில் எத்தனை நாள், தலைக்குள் கேட்கிறதா வெளியிலிருந்து கேட்கிறதா, வலது காதிலா இடது காதிலா, குரல் ஒன்றா இரண்டா, கட்டளை போடுகிறதா, போட்டால் அதன்படி நடக்கிறீர்களா. பதில்களை ஒன்றுவிடாமல் கேஸ் ஷீட்டில் எழுதினேன். 'மிரட்டும் தொனியில் குரல்' என்று எழுதி அடிக்கோடும் போட்டேன்.

படியேறி வருவது யார் என்று கேட்கவில்லை. வாயைத் திறந்து எதைச் சொல்லிவிடுவார் என்று அந்தக் குரல் பயப்படுகிறது என்றும் கேட்கவில்லை.

மூன்று வருடத்தில் மூன்று முறை அவர் அட்மிஷன் ஆனார். மருந்து மாறியது, டோஸ் ஏறியது, குரல் குறைந்தது. காலடி மட்டும் போகவில்லை. மூன்றாவது முறை வந்திருந்தபோது, நைட் டூட்டியில் இருந்த ஒரு சிஸ்டர், தூங்காமல் உட்கார்ந்திருந்த அவர் பக்கத்தில் போய் அமர்ந்து, "யாரும்மா அது, படியேறி வர்றது?" என்று கேட்டிருக்கிறார். அவ்வளவுதான் கேட்டது. சிறுவயதில் அவர் வளர்ந்த வீட்டில் மாடியில் ஓர் அறை இருந்தது. அங்கேதான் அவரைத் தூங்க வைப்பார்கள். ஏறிப் போகப் பதினோரு படி. வீட்டோடு தங்கியிருந்த உறவினர் ஒருவர், எல்லாரும் தூங்கிய பிறகு அந்தப் படிகளில் ஏறி வருவார்.

மறுநாள் காலை எனக்கு விஷயம் தெரிந்ததும் நேரே அவரிடம் போனேன். நான் முதலில் கேட்டது, "இத ஏன் முன்னாடியே சொல்லல?" இன்றைக்கும் அதை நினைத்தால் உடம்பு கூசுகிறது. அவர் கோபப்படவில்லை. "நீங்க கேக்கலையேம்மா. எந்தக் காதுல கேக்குதுன்னுதான கேட்டீங்க" என்றார்.

அவரிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன், படிகளின் எண்ணிக்கை உட்பட. பின்னால் வரும் மற்றவர்களுக்கும் அப்படித்தான்.

நான் ஏன் கேட்கவில்லை என்பதைப் பல வருடம் யோசித்திருக்கிறேன். அக்கறை இல்லாததால் இல்லை. எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முறை ஒரு காரணம். குரல் என்ன சொல்கிறது என்பதைவிட, குரல் எப்படி வருகிறது என்பதுதான் நோயைக் கண்டறிய உதவும் என்று படித்தோம். இதன் வேர், ஜெர்மானிய மருத்துவரும் தத்துவவாதியுமான கார்ல் யாஸ்பர்ஸ் 1913-ல் எழுதியதில் இருக்கிறது. அனுபவத்தின் வடிவம் வேறு, உள்ளடக்கம் வேறு என்று பிரித்தவர் அவர். அசலான மருட்சி (இல்லாததை இருப்பதாக அசையாமல் நம்புவது) என்று அவர் எதைக் கருதினாரோ, அதை அந்த மனிதரின் வாழ்க்கையை வைத்துப் புரிந்துகொள்ள முடியாது என்றும் சொன்னார். நோயாளி அனுபவிப்பதைக் கவனமாகக் கேட்டு விவரிக்க வேண்டும் என்று கற்றுக்கொடுத்தவரும் அவரேதான், அந்தக் கடன் எங்களுக்கு உண்டு. ஆனால் அது வகுப்பறைகளைத் தாண்டி வார்டுக்கு வந்து சேர்ந்தபோது, 'உள்ளே போகாதே, மேலே தெரிவதை எழுது' என்று சுருங்கிவிட்டது.

இன்னொரு காரணம் வேதனையான ஒரு வரலாறு. 1948-ல் ஃப்ரீடா ஃப்ரோம்-ரைக்மன் என்ற மனநல மருத்துவர், மனச்சிதைவை உண்டாக்கும் தாய் என்ற பொருளில் ஒரு சொல்லைப் பயன்படுத்தினார். அதன்பின் பல வருடங்களுக்கு அந்தச் சொல் தாய்மார்கள் தலையில் பழியைப் போட்டது. பிள்ளைக்கு நோய் வந்த துக்கம் போதாதென்று, அதற்கு நீதான் காரணம் என்ற குற்றச்சாட்டும். அந்தக் கருத்து கைவிடப்பட்டது மிகச் சரி. ஆனால் குடும்பத்தைப் பழிக்கக் கூடாது என்ற நியாயமான முடிவோடு, பழையதை எதையும் கேட்கவே வேண்டாம் என்ற பழக்கமும் ஒட்டிக்கொண்டது. காயப்படுத்தியவர் பெற்றோராகத்தான் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? உறவினராக இருக்கலாம், ஆசிரியராக இருக்கலாம், கூடப் படித்த பிள்ளைகளாக இருக்கலாம். பல வீடுகளில் பெற்றோருக்கே எதுவும் தெரியாது. கேட்பது பெற்றோரை விசாரிப்பதாகாது.

அந்த அம்மா சொன்ன பிறகுதான் நான் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். 2012-ல் ஃபிலிப்போ வரேசே குழுவினர் 36 ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்து ஆராய்ந்திருந்தார்கள். சிறுவயதில் பாலியல் கொடுமை, அடி உதை, மனரீதியான கொடுமை, புறக்கணிப்பு, சக பிள்ளைகளின் வதை போன்றவற்றுக்கு ஆளானவர்களுக்கு சைக்கோசிஸ் (இல்லாத குரல் கேட்பது, இல்லாததை நம்புவது போன்ற கடுமையான மனநோய் நிலை) ஏற்படும் வாய்ப்பு ஏறத்தாழ 2.8 மடங்கு அதிகம் என்று வந்தது. அதைவிட என்னை உலுக்கியது பழைய ஆய்வு ஒன்று. 1998-ல் அமெரிக்காவில் கிம் மூசர் குழுவினர், கடுமையான மனநோய் உள்ள 275 பேரிடம் நேராகக் கேட்டிருக்கிறார்கள். 98 சதவீதம் பேர் வாழ்நாளில் ஒருமுறையாவது மனதைக் காயப்படுத்தும் கொடிய நிகழ்வைச் சந்தித்திருந்தார்கள். 43 சதவீதம் பேருக்கு, அப்படிப்பட்ட நிகழ்வுக்குப் பின் வரும் பி.டி.எஸ்.டி. என்ற பாதிப்பு இருந்தது. அது இருந்த 119 பேரில் எத்தனை பேருடைய மருத்துவப் பதிவேட்டில் அது எழுதப்பட்டிருந்தது தெரியுமா? 3 பேர்.

மூன்றே பேர். அந்த வரியைப் படித்த அன்று நான் வீட்டுக்குக் கிளம்பாமல் பழைய ஃபைல்களை எடுத்து வைத்து உட்கார்ந்தேன். நான் எழுதியவற்றை மட்டும் பார்த்தேன். பாலியல் கொடுமை பற்றியோ அடி உதை பற்றியோ நான் கேட்டதற்கான அடையாளமே பெரும்பாலானவற்றில் இல்லை. 'குழந்தைப் பருவம்: குறிப்பிடும்படி எதுவும் இல்லை' என்று எழுதியிருந்தேன். கேட்காமலேயே எழுதியிருந்தேன்.

2018-ல் ஜான் ரீட் குழுவினர் 21 ஆய்வுகளைத் தொகுத்தார்கள். சிறுவயதுக் கொடுமை பற்றித் தங்களிடம் கேட்டதாகச் சொன்ன மனநல சிகிச்சைப் பயனாளிகள், ஆய்வுக்கு ஆய்வு 0 முதல் 22 சதவீதம் வரைதான். ஆண்களிடமும் சைக்கோசிஸ் உள்ளவர்களிடமும் கேட்பது மற்றவர்களைவிடக் குறைவு. யார் இந்தச் சுமையைத் தூக்கிக்கொண்டு வர அதிக வாய்ப்பு உண்டோ, அவரிடமே நாம் கேட்பதில்லை. மனச்சோர்வோடு வருபவரிடம் "என்ன நடந்துச்சு?" என்கிறோம். குரல் கேட்கிறது என்று வருபவரிடம் "எத்தனை நாளா?" என்கிறோம்.

இதைப் பற்றி சக ஊழியர்களிடம் பேசும்போதெல்லாம் முதலில் வரும் பயம், 'கிளறிவிட்டால் நோய் கூடிவிடும்' என்பது. எனக்கும் இருந்த பயம்தான். நெதர்லாந்தில் டேவிட் வான் டென் பெர்க் குழுவினர் செய்து 2015-ல் வெளியிட்ட ஆய்வு அந்தப் பயத்தைப் பெருமளவு போக்கியது. சைக்கோசிஸும் பி.டி.எஸ்.டி.யும் சேர்ந்து இருந்த 155 பேர். அவர்களில் இரண்டு பிரிவினருக்கு, கொடுமையான நினைவை நேரடியாக எதிர்கொள்ள வைக்கும் இரண்டு வகை சிகிச்சைகளில் ஒவ்வொன்று, எட்டே அமர்வுகள். வெறுமனே கேட்பதையெல்லாம் தாண்டி வெகுதூரம் போகும் சிகிச்சை அது. அதற்கு முன் மனதைத் திடப்படுத்துகிறோம் என்று மாதக்கணக்கில் தயார்செய்யவும் இல்லை. சிகிச்சை பெற்றவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு பி.டி.எஸ்.டி. என்று சொல்லும் நிலையே இல்லாமல் போனது. காத்திருப்போர் பட்டியலில் இருந்தவர்களில் அது 28 சதவீதம் பேருக்குத்தான். நோய் வெடித்துக் கிளம்பவில்லை. பிறரைப் பற்றிய பயமும் சந்தேகமும் குறைந்தன.

ஒருவர் அழுதால் நாம் பதறிவிடுகிறோம். அழுவதும் நோய் மோசமாவதும் ஒன்றல்ல. நாம் பதறுவதைப் பார்த்து அவர் நிறுத்திக்கொள்கிறார், இதைத் தாங்க இவராலும் முடியாது என்று. அடுத்த முறை கேட்டால் "ஒண்ணுமில்ல" என்பார். அந்த 'ஒண்ணுமில்ல'யை நான் நிறைய சம்பாதித்திருக்கிறேன்.

இரண்டாவது பயம், நம்பலாமா என்பது. மருட்சியில் இருப்பவர் சொல்வதை எப்படி எடுத்துக்கொள்வது? 2011-ல் ஹெலன் ஃபிஷர் குழுவினர் இதைத்தான் சோதித்தார்கள். சைக்கோசிஸ் வந்தவர்கள் தங்கள் சிறுவயதுக் கொடுமைகளைப் பற்றிச் சொன்னதை, ஏழு வருடம் கழித்து மறுபடி கேட்டு ஒப்பிட்டார்கள். மருத்துவக் குறிப்புகளோடும் ஒப்பிட்டார்கள். சொன்னது நியாயமான அளவுக்கு மாறாமல் இருந்தது. அந்த நேரத்தில் நோயின் அறிகுறிகள் எவ்வளவு கடுமை என்பதைப் பொறுத்து அவர்கள் சொல்வது கூடவோ குறையவோ இல்லை.

இந்த இடத்தில் எனக்கு டேனியல் பால் ஷ்ரேபர் நினைவுக்கு வருவார். ஜெர்மனியில் நீதிபதியாக இருந்தவர். தன் சைக்கோசிஸ் அனுபவத்தைத் தானே எழுதி 1903-ல் வெளியிட்டவர். தன் மார்பு நசுக்கப்படுகிறது, தலை இறுக்கப்படுகிறது, இதெல்லாம் கடவுள் தன்மேல் செய்யும் அற்புதங்கள் என்று எழுதினார். 1911-ல் சிக்மண்ட் ஃப்ராய்ட், ஷ்ரேபரை நேரில் பார்க்காமலேயே அந்தப் புத்தகத்தை வைத்து ஒரு நீண்ட ஆய்வு எழுதினார். ஷ்ரேபரின் தந்தை பெயர்பெற்ற மருத்துவர், பிள்ளை வளர்ப்பு பற்றி எழுதியவர். பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார வேண்டும் என்பதற்காக மார்புக்குக் குறுக்கே அழுத்தும் கம்பிச் சட்டம், தலையை நேராக நிறுத்தும் வார்ப்பட்டை என்று கருவிகளை வடிவமைத்தவர். 1959 வாக்கில் வில்லியம் நீடர்லாண்ட் என்ற உளப்பகுப்பாய்வாளர்தான் அந்தக் கருவிகளையும் அந்த 'அற்புதங்களையும்' பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இந்த இணைப்பை ஏற்காதவர்களும் உண்டு. தந்தை கொடுமைக்காரர் இல்லை என்று வாதிட்டவர்களும் உண்டு. எது சரி என்று தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. எனக்கு உறுத்துவது வேறு. அந்த மனிதர் எழுதியதைப் பற்றி எத்தனையோ பேர் எழுதினார்கள். உயிரோடு இருந்தபோது, மார்பில் அந்த அழுத்தத்தை முதன்முதலில் எப்போது உணர்ந்தீர்கள் என்று யாராவது அவரிடம் கேட்டிருந்தால்?

சொல்வதெல்லாம் அப்படியே நடந்தது என்று நான் சொல்லவில்லை. ஹார்டி என்ற ஆய்வாளரின் குழு 2005-ல் வெளியிட்ட ஆய்வில், கொடிய நிகழ்வைச் சந்தித்து, பிரமைகளும் இருந்தவர்களில் 12.5 சதவீதம் பேருக்குத்தான் குரலின் வார்த்தைகளே நடந்ததோடு நேராகப் பொருந்தின. 45 சதவீதம் பேருக்கு அவமானம், பயம், மிரட்டல் என்ற சாயல் மட்டும் ஒத்துப்போனது. மீதி 42.5 சதவீதம் பேருக்கு எந்தத் தொடர்பும் தென்படவில்லை. எனவே குரலைக் கேட்டு நாமே ஒரு கதையைக் கட்டிவிடக் கூடாது. பதினோரு படி போல எல்லாருக்கும் நேர்கோட்டில் வந்து நிற்காது.

ஒரு பெரியவர் நினைவுக்கு வருகிறார். அறுபதை நெருங்கியவர், பல வருடமாகக் குரல் கேட்பவர். நான் கேட்டேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. என்னை நல்லாத்தான் வளத்தாங்க. அவங்க புண்ணியவான்கள்" என்றார். இரண்டு மாதம் கழித்துப் பேச்சுவாக்கில் தாய் தந்தையரைப் பற்றி அவர் சொன்னதும் அப்படியேதான் இருந்தது. அதோடு விட்டுவிட்டேன். சைக்கோசிஸ் வந்த எல்லாருக்கும் பின்னால் ஒரு கொடுமை இருந்தே ஆக வேண்டும் என்று நம்பிக்கொண்டு தோண்டுவது, கேட்காமல் இருப்பதைவிட மோசம். இல்லாத நினைவை ஒருவர் மனதில் ஏற்றிவிடும் ஆபத்து அதில் இருக்கிறது. 'இல்லை' என்பதும் பதில்தான்.

மூன்றாவது பயத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. 'ஆமாம்' என்று சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன்? இது நேர்மையான பயம். அன்று காலை அந்த அம்மா முன்னால் நான் நின்றபோது எனக்கு இருந்தது இதுதான். எனக்கு நோயை எழுதத் தெரியும். துக்கத்தின் முன்னால் உட்காரத் தெரியாது. அதனால்தான் "ஏன் சொல்லல?" என்று பழியை அவர் பக்கம் தள்ளிவிட்டேன்.

செய்ய வேண்டியது நாம் பயப்படுவதைவிடக் குறைவுதான் என்று பிறகு கற்றுக்கொண்டேன். சொன்னவர் முழுக்கதையையும் அன்றே சொல்ல வேண்டியதில்லை. விவரம் கேட்டுக் குடைய வேண்டியதில்லை. "சொன்னதுக்கு நன்றி. இது உங்க தப்பு இல்ல" என்பது முதலில். அப்புறம், "இதுக்கு முன்னாடி யார்கிட்டயாவது சொல்லியிருக்கீங்களா? சொன்னப்ப என்ன ஆச்சு?" இந்தக் கேள்வி எனக்கு மிக முக்கியம். முதல் தடவை சொன்னபோது அடி வாங்கியவர்கள் இருக்கிறார்கள். பொய் சொல்கிறாய் என்று பேச்சு வாங்கியவர்கள் இருக்கிறார்கள். சொன்னவுடன் மருந்தைக் கூட்டிவிட்டார்கள் என்று ஒருவர் சொன்னார். அது தெரியாமல் நாம் அடுத்த அடி எடுத்துவைக்கக் கூடாது. அந்த ஆள் இப்போது எங்கே இருக்கிறார், இவருக்கு இன்னும் ஆபத்து உண்டா என்று கேட்க வேண்டும். "இப்ப வர்ற சத்தத்துக்கும் அதுக்கும் தொடர்பு இருக்கறதா உங்களுக்குத் தோணுதா?" என்று அவர் கருத்தைக் கேட்க வேண்டும், நம் விளக்கத்தை அவர்மேல் போர்த்தக் கூடாது. கிளம்பும் முன், "இன்னிக்கு ராத்திரி எப்படி இருப்பீங்க? கூட யார் இருப்பாங்க?" என்று கேட்டு, மறுபடி எப்போது பார்க்கிறோம் என்று நாளும் நேரமும் சொல்ல வேண்டும். சொன்ன நாளில் போய் நிற்க வேண்டும். இதில் எதற்கும் பெரிய பட்டம் தேவையில்லை. மேற்கொண்டு சிகிச்சை வேண்டுமென்றால் அதில் பயிற்சி உள்ளவரிடம் அனுப்பலாம். இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸ் 2014-ல் வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே, சைக்கோசிஸ் உள்ளவர்களிடம் பி.டி.எஸ்.டி. போன்ற பாதிப்புகள் இருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே இது என் சொந்த ஆசை மட்டும் இல்லை.

சரி, எப்படிக் கேட்பது? இங்கே மொழி ஒரு பெரிய விஷயம். ஆரம்பத்தில் நான், "உங்களுக்கு பாலியல் துன்புறுத்தல் நடந்திருக்கா?" என்று கேட்டேன். செய்தித்தாள் வார்த்தை. யாரும் தன் வாழ்க்கையை அந்த வார்த்தையில் நினைத்துப் பார்ப்பதில்லை. "இல்ல மேடம்" என்று உடனே பதில் வரும். அதே ஆள் அரைமணி நேரம் கழித்து, "அவர் கொஞ்சம் தப்பா நடந்துக்குவார்" என்பார். 'தப்பாக நடந்துகொள்வது' என்ற நம்முடைய அந்த இரண்டு சொல்லுக்குள் என்னவெல்லாம் ஒளிந்திருக்கிறது என்பது, அதைச் சொல்பவரின் முகத்தைப் பார்த்தால்தான் தெரியும். 'அடி'யும் அப்படித்தான். "உங்களக் கொடுமைப்படுத்தினாங்களா?" என்றால் இல்லை. "தப்பு பண்ணினா வீட்ல என்ன பண்ணுவாங்க?" என்றால், "அடிப்பாங்க, எல்லார் வீட்லயும் அடிக்கறதுதான." "எதால அடிப்பாங்க? காயம் ஆனதுண்டா?" என்று கேட்டால் சட்டைக் கையை மடித்துக் காட்டுவார்.

எனவே நடந்ததைக் கேட்க வேண்டும், அதற்கு வைத்த பெயரைக் கேட்கக் கூடாது. நான் இப்போது தொடங்கும் விதம் கிட்டத்தட்ட இப்படி: "இது இங்க வர்ற எல்லார்கிட்டயும் நாங்க கேக்கறதுதான். சின்ன வயசுல நடந்த சில விஷயங்கள் ரொம்ப நாள் கழிச்சும் மனசப் பாதிக்கும். அதனால கேக்கறேன். பதில் சொல்லியே ஆகணும்னு இல்ல. இப்ப வேணாம்னா இன்னொரு நாள் பேசலாம்." ஒரு குழந்தை இப்போது ஆபத்தில் இருக்கிறது என்று தெரிந்தால் அதை என்னால் எனக்குள்ளேயே வைத்துக்கொள்ள முடியாது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுவேன். அதை மறைத்துவிட்டு நம்பிக்கையைச் சம்பாதிப்பது இன்னொரு ஏமாற்று. அப்புறம் மெதுவாக உள்ளே போவது: வீட்டில் யாரோடு ஒட்டுதல், யாரைப் பார்த்தால் பயம், பள்ளிக்கூடத்தில் எப்படி இருந்தது, யாராவது தொடர்ந்து கேலி செய்தார்களா, அடித்தார்களா. கடைசியில், "உங்களுக்குப் பிடிக்காத மாதிரி, வேணாம்னு சொல்ல முடியாத மாதிரி, யாராவது உங்க உடம்பத் தொட்டிருக்காங்களா?" ஆண்களிடமும் இதே கேள்வி, இதே தொனியில். ஆண்களிடம் கேட்கும்போது என் குரல் தயங்கியது நிறைய நாள். அவர்கள் அந்தத் தயக்கத்தைத்தான் கேட்டிருப்பார்கள்.

நேரமும் இடமும் எவ்வளவு முக்கியம் என்பதை ஓர் இளைஞர் எனக்குக் கற்றுக்கொடுத்தார். இருபத்து மூன்று வயது, முதல்முறை நோய் வந்து அட்மிஷன் ஆனவர். யாரோ தன்னைப் பின்தொடர்கிறார்கள், சாப்பாட்டில் எதையோ கலக்கிறார்கள் என்று மிரண்டுபோய் இருந்தார். நான் புதிதாகக் கற்ற உற்சாகத்தில் அட்மிஷன் ஆன இரண்டாம் நாளே கேட்டேன். அவர் அம்மா பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். "இல்ல" என்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த நிலையில் என் கேள்வியும் அவரைப் பின்தொடரும் இன்னொரு ஆளாகத்தான் இருந்திருக்கும். மிரட்சி உச்சத்தில் இருக்கும்போது கேட்காமல், கொஞ்சம் அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். ஆனால் காத்திருப்பதை மறப்பதற்கான சாக்காக ஆக்கிவிடக் கூடாது.

நான்கு வாரம் கழித்து அவரே வந்தார். "அக்கா, அன்னிக்கு அம்மா இருந்தாங்க. அதான்." கதவைச் சாத்திக்கொண்டு பேசினோம். எது ரொம்பக் கஷ்டமாக இருந்தது என்று கேட்டேன். படித்த விடுதியில் இரண்டு வருடம் மூத்த மாணவர்கள் சேர்ந்து அவரை வதைத்திருக்கிறார்கள். வீட்டில் யாருக்கும் தெரியாது. அம்மா மனம் நொந்துபோவார் என்பதால் அவர் சொல்லவில்லை. நான் குறித்துக்கொண்டே வந்தேன். அவர் ஒரு நிமிடம் நிறுத்திவிட்டு, "ஆனா நீங்க கேட்டது இது இல்லல்ல? எது ரொம்பக் கஷ்டமா இருந்துச்சுன்னு கேட்டீங்க" என்றார். ஆமாம் என்றேன். "இங்க என்னைக் கட்டிப்போட்டதுதான் அக்கா. முதல் நாள் ராத்திரி. நாலு பேர் புடிச்சாங்க. ஊசி போட்டாங்க. அவனுங்க வந்துட்டானுங்கன்னு நெனச்சேன்."

எனக்குப் பேச்சு வரவில்லை. சிறுவயதைத் தேடிப் போன எனக்கு எங்கள் வார்டே பதிலாக வந்து நின்றது. விடுதியில் கையைக் காலைப் பிடித்து அழுத்தியவர்களும், காப்பாற்றுவதாக நினைத்துப் பிடித்த நாங்களும் அவர் உடம்புக்கு ஒன்றுதான். சைக்கோசிஸ் வருவதும், அதற்காகப் பலவந்தமாக சிகிச்சை பெறுவதும் தனியாக ஒரு காயமாகிவிடுவதுண்டு என்று படித்திருந்தேன். எதிரில் உட்கார்ந்து ஒருவர் சொல்லிக் கேட்டது அதுதான் முதல்முறை. அன்றிலிருந்து, "ஆஸ்பத்திரியில, சிகிச்சையில, உங்களக் கஷ்டப்படுத்தினது எதாவது உண்டா?" என்ற கேள்வியையும் சேர்த்துக்கொண்டேன். அதற்கு 'உண்டு' என்று வரும்போது நான் விளக்கம் சொல்ல ஆரம்பிப்பதில்லை. மன்னிப்புக் கேட்கிறேன்.

அவருடைய சந்தேகம் எப்படி வந்தது என்பது அதன்பிறகு எனக்கு அவ்வளவு புதிராகத் தெரியவில்லை. இரண்டு வருடம் எந்த நேரம் யார் வருவார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டு படுத்த உடம்பு, ஆபத்து போன பிறகும் காவலைக் கைவிடாது. இங்கிலாந்தில் 2007-ல் எடுத்த ஒரு பெரிய கணக்கெடுப்பை வைத்து ரிச்சர்ட் பென்டால் குழுவினர் ஆராய்ந்தபோது, சிறுவயதில் பாலியல் வன்முறைக்கு ஆளாவது பிரமைகளோடும், பெற்றோரிடமிருந்து பிரிந்து காப்பகத்தில் வளர்வது பிறர்மேல் வரும் சந்தேகத்தோடும் அதிகம் தொடர்புபட்டிருந்தது. இதனால் இது என்று அடித்துச் சொல்லும் சூத்திரம் இல்லை அது. மரபணுவும் இருக்கிறது, மூளையும் இருக்கிறது, போதைப் பொருளும் இருக்கிறது. மருந்து தேவைப்படுபவர்களுக்கு மருந்து தேவைதான். அந்த அம்மா இன்றும் மாத்திரை சாப்பிடுகிறார். ஆனால் நோயின் உள்ளே ஒரு வாழ்க்கையும் இருக்கிறது.

அந்த அம்மாவைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். சிஸ்டரிடம் பேசி மூன்று வாரம் போயிருக்கும். என் அறைக்கு வந்தவர், "அன்னிக்கு நான் சொன்னத எழுதினீங்களே, என்ன எழுதியிருக்கீங்க?" என்று கேட்டார். ஃபைலை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். 'சிறுவயதில் உறவினர் ஒருவர் தன்னிடம் தவறாக நடந்துகொண்டதாகக் கூறுகிறார்' என்று எழுதியிருந்தேன். விரலை வைத்து மெதுவாகப் படித்தார். அப்புறம் பக்கங்களைப் பின்னால் திருப்பிக்கொண்டே போனார், மூன்று வருடத்துக்கு முந்தைய என் கையெழுத்து வரைக்கும். 'வலது காதில் காலடிச் சத்தம் கேட்கிறது.'

"சத்தம் கேக்குதுன்னு நான் சொன்னப்ப, கேக்குதுன்னே எழுதியிருக்கீங்க" என்றார். "அவன் வந்தான்னு சொன்னப்ப மட்டும், வந்ததா சொல்றாங்கன்னு எழுதியிருக்கீங்க."

அந்த வரியை அடித்தேன். "எப்படி எழுதட்டும்?" என்று கேட்டேன். அவர் சொல்லச் சொல்ல, மேற்கோள் குறி போட்டு, அவர் வார்த்தையிலேயே எழுதினேன். "அவன் படியேறி வருவான். எனக்கு ஒம்பது வயசு. நான் படிய எண்ணிக்கிட்டே படுத்திருப்பேன்." எழுதி முடித்துவிட்டு பேனாவை மூடப் போனேன்.

"இருங்கம்மா" என்றார். "இன்னும் இருக்கு."